பியரை ஜோடி ஜோடியாகச் சுவைத்துப் பழகுவது எப்படி? புதியவர்களுக்கான வழிகாட்டி

கிராஃப்ட் பியர் விற்கும் இடத்துக்கு முதன்முதலாகப் போகிறவரை மிரட்டுவது பெயர்ப் பட்டியல்தான். ஹெஃபவைட்சன், விட்பியர், பில்ஸ்னர், ஐ.பி.ஏ., ஸ்டௌட், கோசே என்று நீண்டுகொண்டே போகும். ஏதோ ஒன்றை வரவழைத்துக் குடித்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" அல்லது "ரொம்பக் கசக்குது" என்று சொல்வதோடு பலருக்கு ஆராய்ச்சி முடிந்துவிடுகிறது. ஒரே பியரைத் தனியாகக் குடித்தால் அதற்குமேல் சொல்ல எதுவும் தோன்றாது, நாக்குக்கு ஒப்பிட இன்னொன்று வேண்டும். அதனால் இந்த வழிகாட்டியில் எல்லாமே இரண்டிரண்டாக வரும். பார்வைக்கோ பெயருக்கோ ஒன்றுபோல இருந்து, முக்கியமான ஒரு விஷயத்தில் மட்டும் பிரிகிற இரண்டு பியர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குடித்தால் அந்த ஒரு விஷயம் என்னவென்று நாக்கே காட்டிக்கொடுக்கும்.

பியரின் அடிப்படைப் பொருள்கள் நான்கு. தண்ணீர், மால்ட் (முளைகட்டி உலர்த்திய தானியம், பெரும்பாலும் பார்லி), ஹாப்ஸ், ஈஸ்ட். இனிப்பு, நிறம், ரொட்டி வாசனை எல்லாம் மால்ட் தருவது. கசப்பும் பழ, மலர், பிசின் வாசனைகளும் ஹாப்ஸ் என்ற கொடியின் பூவிலிருந்து வருபவை. சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலும் வாயுவும் ஆக்குவது ஈஸ்ட். கூடவே சில வகைகளில் அது தனக்கென ஒரு வாசனையையும் விட்டுச் செல்லும். இந்த ஈஸ்ட்டை வைத்துத்தான் பியர்கள் இரண்டு பெரிய குடும்பங்களாகப் பிரிகின்றன. குளிரில் மெதுவாக நொதிப்பது லாகர். அறை வெப்பத்தை ஒட்டிய சூட்டில் வேகமாக நொதிப்பது ஏல்.

என்னென்ன தயாராக இருக்க வேண்டும்

பியருக்கென்று விலையுயர்ந்த கண்ணாடிகள் வாங்கத் தேவையில்லை. வாய்ப்பகுதி சற்றுக் குறுகிய, 250 முதல் 300 மி.லி. கொள்ளும் ஒயின் கண்ணாடிகள் இரண்டு போதும். அதில் 100 மி.லி. மட்டும் ஊற்றுங்கள், மீதி இடம் வாசனை தங்குவதற்கு. எவர்சில்வர் டம்ளர் வேண்டாம், அதில் நிறமும் தெரியாது, நுரையும் தெரியாது.

கண்ணாடி சுத்தமாக இருக்கிறதா என்று பியரே சொல்லிவிடும். ஊற்றிய பிறகு உள்சுவரில் குமிழ்கள் கொத்தாக ஒட்டிக்கொண்டிருந்தால் அந்த இடத்தில் எண்ணெய்ப்பசையோ தூசியோ இருக்கிறது. நுரை உடனே அடங்குவதற்கும் பெரும்பாலும் அதுவே காரணம். சமையல் பாத்திரம் தேய்த்த ஸ்பாஞ்சால் கழுவாமல், தனி ஸ்பாஞ்சில் கழுவி, நன்றாக அலசி, துணியால் துடைக்காமல் கவிழ்த்து உலரவிடுங்கள்.

பாட்டில்களை முந்தைய நாளே ஃபிரிட்ஜில் நிற்கவையுங்கள். படுக்கவைத்தால் அடியில் தங்க வேண்டிய ஈஸ்ட் கலங்கிவிடும். குடிக்கும் சூடு வகைக்கு வகை மாறும். பில்ஸ்னருக்கு 5 முதல் 7 டிகிரி, கோதுமை பியருக்கு 7 அல்லது 8, ஐ.பி.ஏ.வுக்கு 8 முதல் 10, கனமான ஸ்டௌட்டுக்கு 12 வரை. வீட்டு ஃபிரிட்ஜ் சுமார் 4 டிகிரியில் இருக்கும். எனவே ஐ.பி.ஏ.வை வெளியே எடுத்துப் பத்து நிமிடம் பொறுத்து ஊற்றினால் சரியாக இருக்கும். சென்னை மே மாதத்தில் அதுகூட வேண்டாம், ஊற்றி முடிப்பதற்குள் ஏறிவிடும். உறைய வைத்த கண்ணாடியில் ஊற்றித் தருவதை உபசாரம் என்று பல இடங்களில் நினைக்கிறார்கள். அது வாசனையை அடக்கி நாக்கை மரத்துப்போகச் செய்யும் வேலை.

பக்கத்தில் தண்ணீரும் உப்பில்லாத ரொட்டித் துண்டுகளும் இருக்கட்டும். மிக்சர், ஊறுகாய், மிளகாய் பஜ்ஜி எல்லாம் பிறகு. காரம் நாக்கில் இருக்கும்வரை கசப்பைச் சரியாக அளக்க முடியாது. சிகரெட், சென்ட், ஊதுபத்தி மூன்றும் அந்த அறையில் இருக்கக் கூடாது.

அளவையும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். 5% பியர் 100 மி.லி.யில் ஏறக்குறைய 4 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. ஒரு மாலைக்கு இரண்டு ஜோடி, அதாவது நான்கு கண்ணாடி என்றால் சுமார் 16 கிராம். ஒரு 650 மி.லி. பாட்டிலில் 26 கிராம் இருப்பதோடு ஒப்பிட்டால் இது குறைவுதான். அதற்குமேல் போனால் நாக்கு களைத்துவிடும், எழுதும் குறிப்புக்கும் மதிப்பிருக்காது. இந்தியாவில் வண்டி ஓட்டுபவரின் 100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கி. தாண்டினாலே குற்றம். சுவைக்கப் போகும் நாளில் சாவியை வீட்டில் வையுங்கள். தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் மது வாங்க 21 வயது நிரம்பியிருக்க வேண்டும்.

சுவைக்கும் முறை

கண்ணாடியைச் சாய்த்துப் பிடித்துப் பாதிவரை ஊற்றி, பிறகு நிமிர்த்தி நடுவில் ஊற்றுங்கள். இரண்டு விரல் உயரம் நுரை வர வேண்டும். நுரை வராமல் ஊற்றுவதைத் திறமையாக எண்ண வேண்டாம். வாயு வெளியேறாவிட்டால் வாசனையும் வெளியே வராது, அந்த வாயு முழுவதும் வயிற்றுக்குள் போய் உப்பசமாகும்.

முதலில் முகர வேண்டும், குடிப்பது அப்புறம். ஊற்றிய சில நொடிகளில் வரும் வாசனை பிறகு திரும்பி வராது. உள்ளங்கையால் கண்ணாடியின் வாயை மூடி, அதை இரண்டு சுற்றுச் சுழற்றி, கையை எடுத்துச் சின்னச் சின்னதாக இரண்டு மூன்று முறை முகருங்கள். நீளமாக ஒரே மூச்சில் இழுத்தால் மூக்கு சீக்கிரம் பழகிவிடும். அப்புறம் ஒரு மடக்கு எடுத்து, நாக்கு முழுவதும் படும்படி இரண்டு நொடி வைத்திருந்து விழுங்குங்கள். வாயை மூடியபடி மூக்கால் மூச்சை வெளியே விடும்போதுதான் பாதிச் சுவை தெரியும். ஒயின் சுவைப்பவர்கள் துப்பிவிடுவார்கள். பியரில் கசப்பு எவ்வளவு நேரம் நிற்கிறது என்பது விழுங்கிய பிறகே சரியாகத் தெரியும் என்பதால் இங்கே விழுங்குவதே வழக்கம்.

குறிப்பு நான்கு வரி போதும்: வாசனை, முதல் சுவை, விழுங்கிய பின் நிற்பது, வாயில் கனமா லேசா. "அருமை", "சுமார்" என்று எழுதுவதால் பயனில்லை. சமையலறையில் தெரிந்த வாசனையின் பெயரை எழுதுங்கள்.

முதல் ஜோடி: ஹெஃபவைட்சன், விட்பியர்

இரண்டும் கோதுமை பியர்கள், இரண்டும் மங்கலான வெளிர்மஞ்சள், இரண்டும் 5% அளவில், கசப்பு மிகக் குறைவு. ஆனாலும் முகர்ந்த உடனே வேறு வேறு என்று தெரிந்துவிடும்.

ஹெஃபவைட்சன் ஜெர்மனியின் பவேரியாவைச் சேர்ந்தது. தானியத்தில் பாதிக்குமேல் கோதுமை மால்ட். இதை முகர்ந்தால் வாழைப்பழமும் கிராம்பும் தெரியும். பழமோ மசாலாவோ எதுவும் போடவில்லை. இரண்டு வாசனையையும் உண்டாக்குவது ஈஸ்ட். நொதிக்கும் சூடு கூடினால் பெரும்பாலும் வாழைப்பழம் தூக்கலாகும், குறைந்தால் கிராம்பு தெரியும். பவேரியாவில் கோதுமை பியர் காய்ச்சும் உரிமை நீண்ட காலம் அரச குடும்பத்தின் பிடியில் இருந்தது. 1872இல் கியோர்க் ஷ்னைடர் என்ற காய்ச்சுநர் அந்த உரிமையைப் பெற்றார். ஷ்னைடர் வைஸ் இன்றும் கிடைக்கிறது. வைஹென்ஸ்டெஃபானர் ஹெஃபவைஸ்பியரும் (5.4%) இந்த வகையின் அளவுகோலாகவே கருதப்படுகிறது.

விட்பியர் பெல்ஜியத்துச் சரக்கு. முளைகட்டாத கோதுமையோடு கொத்தமல்லி விதையும் உலர்ந்த ஆரஞ்சுத் தோலும் கொதிகலனில் சேரும். ஹூகார்டன் ஊரில் இந்த வகை 1950களில் அழிந்தே போயிற்று. அங்கே பால் வியாபாரம் செய்துவந்த பியேர் செலிஸ் 1966இல் மறுபடி காய்ச்சத் தொடங்கினார். இன்று உலகெங்கும் விற்கும் ஹூகார்டன் (4.9%) அந்த வழியில் வந்ததுதான். அதை முகரும் தமிழருக்குத் தனியா வாசனையைக் கண்டுபிடிக்கப் பயிற்சி எதுவும் வேண்டாம்.

ஊற்றும்போது ஹெஃபவைட்சன் பாட்டிலில் கடைசி இரண்டு விரல் அளவை நிறுத்தி, பாட்டிலைச் சுழற்றி, அடியில் உள்ள ஈஸ்ட்டையும் சேர்த்து ஊற்றுங்கள். கலங்கலாக இருப்பதே அதற்கு அழகு. ஓரத்தில் எலுமிச்சைத் துண்டு செருகித் தந்தால் எடுத்து வைத்துவிடுங்கள். அதன் எண்ணெய் நுரையைக் கொல்லும், கிராம்பு வாசனையையும் மூடிவிடும்.

இரண்டாம் ஜோடி: வழக்கமான லாகர், செக் பில்ஸ்னர்

கடையில் எப்போதும் வாங்குகிற லாகரை ஒரு கண்ணாடியிலும் செக் நாட்டு பில்ஸ்னரை இன்னொன்றிலும் ஊற்றுங்கள். இரண்டும் ஒரே குடும்பம். சொல்லப்போனால் முன்னது பின்னதன் வாரிசு. 1842 அக்டோபரில் பொஹீமியாவின் பில்சன் நகரில் பவேரியாக்காரரான யோசஃப் க்ரோல் வெளிர்நிற மால்ட், அந்த ஊரின் உப்புக் குறைந்த தண்ணீர், சாட்ஸ் ஹாப்ஸ் மூன்றையும் வைத்துப் பொன்னிற லாகரைக் காய்ச்சினார். இன்று பில்ஸ்னர் உர்க்வெல் என்று விற்பது அதுதான், 4.4%. உலகம் முழுக்க ஓடுகிற மஞ்சள் லாகர்கள் எல்லாம் அதைப் பார்த்துச் செய்தவை. செலவும் கனமும் குறைய அவற்றில் பலவற்றில் அரிசியோ மக்காச்சோளமோ சேர்க்கிறார்கள், ஹாப்ஸையும் குறைக்கிறார்கள்.

கசப்பை ஐ.பி.யு. என்ற அலகில் அளப்பார்கள். வழக்கமான லாகர் பெரும்பாலும் 20க்குக் கீழே, செக் பில்ஸ்னர் 30 முதல் 45. அந்த எண்ணை மட்டும் நம்பி வாங்காதீர்கள். மால்ட்டின் இனிப்பு மிகுந்த பியரில் 40 மென்மையாகத் தெரியும், வறண்ட பியரில் 25கூட உறைக்கும். செக் பில்ஸ்னரில் கசப்போடு ரொட்டி வாசனையும் லேசான வெண்ணெய் வாடையும் வரும். இந்த வகையில் அந்த வெண்ணெய் குறையாகாது. மற்ற லாகர்களில் வந்தால் குறை.

மூன்றாம் ஜோடி: வெஸ்ட் கோஸ்ட் ஐ.பி.ஏ., ஹேஸி ஐ.பி.ஏ.

ஐ.பி.ஏ. (இந்தியா பேல் ஏல்) என்பதில் உள்ள 'ஐ' இந்தியாதான். இங்கிலாந்திலிருந்து கல்கத்தா, பம்பாய், சென்னைத் துறைமுகங்களுக்குக் கப்பலேறிய வெளிர் ஏல் அது. கடற்பயணத்துக்காகவே ஒருவர் திட்டமிட்டுக் கண்டுபிடித்தார் என்று பப் சுவர்களில் எழுதியிருக்கும் கதைக்கு ஆதாரமில்லை. ஹாப்ஸ் மிகுந்த வெளிர் ஏல் அதற்கு முன்பே இங்கிலாந்தில் இருந்தது.

இப்போது நாம் குடிக்கும் ஐ.பி.ஏ. அமெரிக்கப் பிறவி. பம்பளிமாஸ் வாசனை கொண்ட கேஸ்கேட் ஹாப்ஸ் 1972இல் வெளிவந்தது. கலிஃபோர்னியாவின் சியெரா நெவாடா 1980இல் அதை வைத்துக் காய்ச்சிய பேல் ஏல் ஒரு தலைமுறைக்கே வழிகாட்டியது. அந்த மரபில் வந்த வெஸ்ட் கோஸ்ட் ஐ.பி.ஏ. தெளிவாக, வறண்டு, நீளமாக நிற்கும் கசப்போடு இருக்கும். ஹேஸி வகை வெர்மான்ட் மாநிலத்தில் தலையெடுத்தது. ஓட்ஸும் கோதுமையும் சேர்வதால் கலங்கலாக, வாயில் வழவழப்பாக, மாம்பழமும் கொடித்தோடையும் (பேஷன் ஃப்ரூட்) மணக்க இருக்கும்.

இரண்டிலும் ஹாப்ஸ் தாராளம்தான். போடும் நேரத்தில்தான் வித்தியாசம். கொதிக்கும் திரவத்தில் ஒரு மணி நேரம் கிடந்தால் ஹாப்ஸின் ஆல்ஃபா அமிலம் மாற்றமடைந்து கசப்பாகிறது, வாசனை ஆவியோடு போய்விடுகிறது. அடுப்பை அணைத்தபின் போட்டாலோ, நொதித்த பிறகு குளிர்ந்த தொட்டியில் போட்டு ஊறவைத்தாலோ வாசனை தங்கும், கசப்பு அவ்வளவாக ஏறாது. ஹேஸியில் பெரும்பங்கு கடைசியில்தான் விழும். நம் சமையலில் பெருங்காயத்தை இறக்கும் நேரத்தில் போடுவதற்கும் இதே காரணம்தான்.

புதியவர்கள் ஏமாறுவது பெரும்பாலும் இந்த வகையில்தான். ஹேஸியின் பழவாசனை மூன்று மாதத்துக்குள் மங்கிவிடும், வெயிலில் நின்ற லாரியில் வந்த கேன் என்றால் அதற்கும் முன்பே. பிறகு மிஞ்சுவது நனைந்த அட்டைப்பெட்டி வாடையும் அசட்டு இனிப்பும். தயாரித்த தேதியைப் பார்க்காமல் ஐ.பி.ஏ. வாங்கவே வாங்காதீர்கள். இறக்குமதி என்ற பெருமைக்காக எட்டு மாதப் பழைய கேனுக்கு இரட்டை விலை கொடுப்பதைவிட, பக்கத்து ஊரில் போன வாரம் காய்ச்சியது மேல்.

நான்காம் ஜோடி: இரண்டு ஸ்டௌட்

கறுப்பு பியர் என்றாலே கடுமை என்ற எண்ணத்தைப் போக்க இந்த ஜோடி. டப்ளினின் கின்னஸ் ட்ராஃப்ட் 4.2% மட்டுமே. இலங்கையின் லயன் ஸ்டௌட் 8.8%. நிறத்தில் அண்ணன் தம்பி. பெல்ஜியத்தின் டுவெல் பொன்மஞ்சளாக இருந்துகொண்டே 8.5% என்பதையும் நினைவில் வையுங்கள். நிறம் வறுத்த அளவைச் சொல்லும், போதையைச் சொல்லாது.

கின்னஸில் முளைகட்டாமல் வறுத்த பார்லி சேர்கிறது. அதனால் காப்பிக்கொட்டை வாசனையும் வறண்ட முடிவும். பாலாடை மாதிரியான நுரைக்குக் காரணம் நைட்ரஜன். கார்பன் டையாக்சைடுபோல அது திரவத்தில் எளிதில் கரையாது, குமிழ்கள் மிகச் சிறிதாக வரும். கேனுக்குள் உருளும் சிறு பந்து அந்த வாயுவை விடுவிக்கத்தான். கேனை நன்றாகக் குளிரவைத்து, திறந்ததும் பெரிய கண்ணாடியில் ஒரே ஊற்றாக ஊற்றிவிட்டு, அலை அடங்கும்வரை ஒன்றிரண்டு நிமிடம் காத்திருங்கள்.

லயன் ஸ்டௌட்டைக் கொஞ்சம் சூடேறவிட்டுக் குடிக்க வேண்டும். கருப்பட்டி, உலர்திராட்சை, கசப்புச் சாக்லெட் எல்லாம் 10 டிகிரியைத் தாண்டிய பிறகே வெளியே வரும். வெப்பநாடுகளில் வேரூன்றிய இந்த இனிப்பான, கனமான வகைக்கு ட்ராபிகல் ஸ்டௌட் என்று பெயர். பியரைப் பற்றி எழுதுவதையே தொழிலாகக் கொண்ட மைக்கேல் ஜாக்சன் (பாடகர் இல்லை, ஆங்கிலேயர்) எழுதித்தான் மேற்குலகில் இது அறியப்பட்டது. 100 மி.லி.யிலேயே 7 கிராம் ஆல்கஹால் இருப்பதால் அன்றைய கடைசிக் கண்ணாடியாக வையுங்கள்.

ஐந்தாம் ஜோடி: கோசே, கூஸ்

புளிப்பு பியர்களை முதல் மாலையில் தொட வேண்டாம். மற்ற நான்கு ஜோடியும் பழகியபின் வாருங்கள். ஜெர்மனியின் லைப்சிக் நகரோடு சேர்த்துச் சொல்லப்படும் கோசேயில் கொஞ்சம் உப்பும் கொத்தமல்லி விதையும் உண்டு, புளிப்பு மோர்ப் புளிப்பு. இன்று பல இடங்களில் கொதிகலனிலேயே லாக்டிக் பாக்டீரியாவைச் சேர்த்து ஓரிரு நாளில் புளிக்கவைத்துவிடுகிறார்கள். பிரசல்ஸ் பக்கத்து லாம்பிக் வகையில் யாரும் ஈஸ்ட் சேர்ப்பதில்லை. குளிர்மாதங்களில் காய்ச்சிய திரவத்தை அகலமான திறந்த தொட்டியில் இரவு முழுவதும் ஆறவிட்டால் காற்றிலும் கட்டடத்திலும் உள்ள நுண்ணுயிர்கள் வந்து விழும், பிறகு மரப்பீப்பாயில் வருடக்கணக்கில் கிடக்கும். ஒன்று, இரண்டு, மூன்று வயது லாம்பிக்குகளைக் கலந்து பாட்டிலில் மறுபடி நொதிக்கவிட்டால் கூஸ். புளிப்புக்குப் பின்னால் ஈரத் தோல், பழைய வைக்கோல் வாசனை வரும். முதல் மடக்கில் முகம் சுளிக்கும். மூன்றாவது மடக்குவரை தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

கெட்டுப்போனதைக் கண்டுபிடிப்பது

பியரில் வரும் வேண்டாத வாசனைகள் சிலதான், ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. பாப்கார்ன் வெண்ணெய் வாடை என்றால் நொதித்தலை அவசரமாக முடித்திருக்கிறார்கள், அல்லது குழாயைச் சுத்தம் செய்யவில்லை. பச்சை ஆப்பிள் வாசனை இளம் பியர் என்பதன் அடையாளம். வேகவைத்த மக்காச்சோளம் என்றால் கொதித்தது போதவில்லை. காடிப் புளிப்பு என்றால் கிருமி புகுந்திருக்கிறது.

வெளிச்சத்தால் வரும் கேட்டை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். பில்ஸ்னரை இரண்டு கண்ணாடியில் ஊற்றி, ஒன்றை நேர்வெயிலில் பத்து நிமிடம் வையுங்கள், இன்னொன்றை இருட்டில். வெயிலில் வைத்ததை முகர்ந்தால் எரிந்த ரப்பர் மாதிரி ஒரு நாற்றம் வரும். ஹாப்ஸின் கசப்புப் பொருள் ஒளி பட்டு உடைந்து கந்தகச் சேர்மம் ஆவதால் வருவது. பழுப்புப் பாட்டில் இதைப் பெரிதும் தடுக்கும், பச்சையும் நிறமற்றதும் தடுக்காது. கேன் முழுப் பாதுகாப்பு.

நாக்கு தேறியதா என்று பார்க்க மூன்று கண்ணாடிச் சோதனை உண்டு. நண்பர் ஒருவர் உங்களுக்குத் தெரியாமல் இரண்டில் ஒரே பியரும் ஒன்றில் வேறு பியரும் ஊற்றித் தரட்டும். எது தனி என்று கண்டுபிடியுங்கள். ஹெஃபவைட்சனும் விட்பியரும் என்றால் எளிது. இரண்டு கம்பெனிகளின் வழக்கமான லாகர் என்றால் பலர் தோற்றுப்போவார்கள், "என் பிராண்டுதான் பிராண்டு" என்று அடித்துச் சொல்பவர்கள் உட்பட.

சாப்பாட்டோடும் பப்பிலும்

கசப்பும் காரமும் ஒன்றையொன்று ஏற்றிவிடும். மட்டன் சுக்காவோடு வெஸ்ட் கோஸ்ட் ஐ.பி.ஏ. குடித்தால் வாய் எரியும். காரத்துக்கு ஹெஃபவைட்சன் போன்ற கசப்புக் குறைந்தவை ஒத்துவரும். வறுத்த மீனுக்குக் கோசே, தணலில் சுட்ட இறைச்சிக்கு ஸ்டௌட்.

பாட்டில்களைத் தேடி அலைய முடியாதவர்களுக்குச் சொந்தமாகக் காய்ச்சும் பப்கள் வசதி. பெங்களூரு இந்திராநகரின் டாய்ட், வைட்ஃபீல்டின் விண்ட்மில்ஸ் போன்ற இடங்களில் சின்னக் கண்ணாடிகளில் பல வகைகளை ஒரே தட்டில் வாங்கலாம். டாய்ட்டில் பாஸ்மதி அரிசி சேர்த்த ஒன்றுகூட உண்டு. சிங்கப்பூரில் 1997 முதல் இருக்கும் ப்ரூவர்க்ஸும் அப்படித்தான். தட்டு வந்ததும் அவர்கள் வைத்த வரிசையில் குடிக்காமல், லேசானதிலிருந்து கனமானதுக்கும் கசப்புக் குறைந்ததிலிருந்து கூடியதுக்கும் நீங்களே அடுக்கிக்கொள்ளுங்கள்.

ஊற்றித் தருபவரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: இது எப்போது காய்ச்சியது, குழாயில் ஏற்றி எத்தனை நாள் ஆயிற்று? பதில் தெரிந்தவர் இருக்கும் இடத்தில் நம்பிக் குடிக்கலாம். ஒரு வாய் சாம்பிள் கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். வெண்ணெயோ காடியோ அடித்தால் "பிடிக்கவில்லை" என்று பொதுவாகச் சொல்லாமல் வாசனையின் பெயரைச் சொல்லி மாற்றித் தரக் கேளுங்கள். ஹேஸி ஐ.பி.ஏ. குழாயில் ஏறி மாதக்கணக்காகிவிட்டது என்றால், அன்றைக்கு பில்ஸ்னருக்குப் போய்விடலாம்.